பிலிப்பினோ வீட்டுக் கணக்கு: பலுவாகன் சீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் குளியல் வரை

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிலிப்பினோ நர்சுகளோடு வேலை பார்ப்பவர்கள், பிள்ளையைப் பிலிப்பைன்ஸின் டாவோ நகருக்கு மருத்துவம் படிக்க அனுப்பிய பெற்றோர், மாற்றலாகி மணிலாவுக்கு வரப்போகிறவர்கள். இவர்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மணிலாவையும் அதைச் சுற்றியுள்ள மாகாணங்களையும் வைத்தே பதில் சொல்கிறேன். தெற்கே உள்ள மிண்டனாவோ தீவின் முஸ்லிம் குடும்பங்களின் வழக்கங்கள் வேறு. கணக்குப் பார்க்க வசதியாக ஒரு பெசோவைச் சுமார் ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் யார் யார் இருப்பார்கள்?

அப்பா, அம்மா, பிள்ளைகள், கூடவே ஒரு லோலா, அதாவது பாட்டி. கல்லூரிக்காக மாகாணத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் அக்கா மகளோ தம்பி மகனோ இருந்தாலும் இருக்கலாம். பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் அவர்கள் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். அண்ணனுக்குக் கூயா, அக்காவுக்கு ஆத்தே. முன்பின் தெரியாத கடைக்காரரையும் டிரைவரையும்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பணக் கணக்குக்கு முக்கியமான விஷயம் ஒன்று. நம்மைப் போல மாமன் தனி, சித்தப்பன் தனி என்று பிரிப்பதில்லை. அம்மா வழியோ அப்பா வழியோ, ஆண்கள் எல்லோரும் தீத்தோ, பெண்கள் எல்லோரும் தீத்தாதான், உரிமையும் ஒன்றேதான். போதாததற்கு ஞானஸ்நானத்தின்போது வரும் ஞானத்தகப்பன்களும் ஞானத்தாய்களும் உண்டு. ஒரு குழந்தைக்கு ஒரு ஜோடி என்றில்லை, பத்துப் பன்னிரண்டு பேர்கூட நிற்பார்கள். ஒருவர் சம்பளம் வாங்கினால் அதில் கண் வைக்க எத்தனை பேருக்கு நியாயம் இருக்கிறது என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சம்பளம் மாதத்தில் இரண்டு முறையாமே?

ஆமாம். 15-ஆம் தேதி ஒரு பாதி, மாதக் கடைசியில் மறு பாதி. மாதம் இரண்டு தடவையாவது கூலி கொடுத்தாக வேண்டும் என்று தொழிலாளர் சட்டமே சொல்கிறது. மணிலா பெருநகரத்தில் குறைந்தபட்ச நாள்கூலி 2025 ஜூலையில் 695 பெசோ ஆனது. மாகாணங்களில் இன்னும் குறைவு.

ஊரே இந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் இயங்குகிறது. சம்பள நாள் மாலையில் ஏடிஎம் வாசலில் வரிசை, சாலையில் நெரிசல், மால்களில் தள்ளுபடி. அதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களுக்குப் ‘பெத்சா தே பெலிக்ரோ’ என்று பெயர், ஆபத்துத் தேதிகள் என்று அர்த்தம். டப்பா மத்தி மீன், முட்டை, உடனடி நூடுல்ஸ், பாசிப்பயற்றுக் குழம்பு என்று சாப்பாட்டு மேசை சுருங்கிப்போகும் நாட்கள் அவை. யாரையாவது பார்க்கப் போவதாக இருந்தால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சொல்லமாட்டார்கள், ஆனால் விருந்தாளிக்கு வைக்க ஒன்றுமில்லையே என்று தவித்துப்போவார்கள்.

ஆபத்து நாட்களை எப்படித் தாண்டுகிறார்கள்?

தெருவுக்கு நாலு ‘சாரி-சாரி’ கடை இருக்கும். வீட்டின் முன்னறையில் கம்பி ஜன்னல் வைத்த பெட்டிக்கடைதான். பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாதான் நடத்துவார். எல்லாமே சில்லறையில் கிடைக்கும்: ஒற்றைச் சிகரெட், ஒரு பல் பூண்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய கால் கப் எண்ணெய், ஒரு வேளைக்கான சோயா சாஸ், ஷாம்பு பாக்கெட், ஒரு தடவைக்கான காபித் தூள். பாட்டிலாக வாங்கினால் மலிவு என்று அவர்களுக்கும் தெரியும். இன்று கையில் பாட்டில் வாங்கும் காசு இருக்காது. இருந்தாலும், பாட்டிலாக வாங்கி வைத்தால் பக்கத்து வீடும் சேர்ந்து தீர்த்துவிடும்.

கடையில் ஒரு நோட்டு இருக்கும். பெயர் எழுதி, தொகை எழுதி, சம்பள நாளில் அடித்துவிடுவார்கள். ‘இன்று கடன் கிடையாது, நாளை வரவும்’ என்ற பலகை அங்கேயும் தொங்கும். தொங்கினாலும் கொடுப்பார்கள்.

‘பைவ்-சிக்ஸ்’ கடன் என்கிறார்களே, அதில் இந்தியர்களுக்கு என்ன சம்பந்தம்?

ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பித் தர வேண்டும். நூற்றுக்கு இருபது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வசூல் செய்வார்கள். அடமானம் வேண்டாம், கையெழுத்தும் பெரிதாக வேண்டாம். நம்மூர்த் தண்டல்தான்.

இந்தத் தொழிலில் மோட்டார் சைக்கிளில் சந்தை சந்தையாகச் சுற்றும் பஞ்சாபிகள் பல காலமாக இருக்கிறார்கள். அதனால் இந்தியர் என்றாலே ‘பும்பாய்’, பும்பாய் என்றாலே வட்டிக்காரர் என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் தமிழர்களாகிய நாமும் பும்பாய்தான். மூக்குத்தியும் பொட்டும் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனால், இன்றைக்குத் தவணை நாளா என்று யாராவது கிண்டல் செய்யக்கூடும். பெரும்பாலும் குறும்புதான், கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. 2017-இல் அதிபர் டுடெர்ட்டே இந்தக் கடன்காரர்களைப் பிடிக்கச் சொன்னார். அதே ஆண்டு அரசாங்கம் குறைந்த வட்டியில் சிறுகடன் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. ஆனாலும் காலை ஐந்து மணிக்கு மீன் வாங்கக் கைம்முதல் தேடும் வியாபாரியின் முன்னால் வந்து நிற்பது மோட்டார் சைக்கிள்காரர்தான்.

பலுவாகன் என்பது நம் சீட்டுதானே?

பாதி ஆமாம். பத்துப் பேர், ஒவ்வொரு சம்பள நாளிலும் ஆளுக்கு ஆயிரம் பெசோ. ஒவ்வொரு முறையும் ஒருவர் பத்தாயிரத்தை மொத்தமாக எடுத்துக்கொள்வார். பத்து முறையில் சுற்று முடிந்துவிடும். ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, வட்டியும் கிடையாது. வரிசையைக் குலுக்கிப் போட்டோ பேசியோ முடிவு செய்வார்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கும் டிசம்பருக்கும்தான் போட்டி. மகள் பதினெட்டாம் பிறந்தநாள் விருந்து வைத்திருப்பவருக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதும் உண்டு. நடத்துகிறவர் முதல் முறையை எடுத்துக்கொள்வார், அல்லது ஒரு சிறு தொகை எடுப்பார். அலுவலகங்களில், பள்ளி ஆசிரியர்களிடையே, சந்தை வியாபாரிகளிடையே, ஏன், ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பெண்களிடையேயும் இது நடக்கிறது. பணத்துக்குப் பதில் கிறிஸ்துமஸ் மளிகையோ அரிசி மூட்டையோ கொடுக்கும் சீட்டும் இருக்கிறது.

வட்டியே இல்லாத ஒன்றில் ஏன் போட வேண்டும், வங்கியில் போட்டால் கொஞ்சமாவது வருமே என்று நம் ஆட்கள் கேட்பார்கள். வட்டிக்காக யாரும் இதில் சேர்வதில்லை என்பது என் கணிப்பு. ஆயிரம் பெசோ கையில் இருந்தால், தம்பியின் செமஸ்டர் கட்டணம், தீத்தாவின் பல்வலி, பக்கத்து வீட்டு இறுதிச் சடங்கு என்று ஏதோ ஒரு கை நீளும். இல்லை என்று சொல்ல நாக்கு வராது. ‘பலுவாகனுக்குக் கட்ட வேண்டும்’ என்று சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, அதுவும் நாலு பேருக்குக் கொடுத்த வாக்குதானே. உறவுக்கு எட்டாத இடத்தில் பணத்தை வைக்க, மரியாதையான வழி இது.

ஆபத்தும் உண்டு. முதலில் எடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டால் மீதிப் பேர் தலையில் துண்டு. முகம் தெரிந்த அலுவலகச் சீட்டில் இது அபூர்வம். இணையத்தில் ‘பலுவாகன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ஐயாயிரம் போட்டால் ஒரு மாதத்தில் பத்தாயிரம் என்று அழைப்பவை சீட்டே இல்லை, சுத்தமான மோசடி. அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் இவற்றைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. உங்கள் பிள்ளை டாவோவில் படிக்கிறான் என்றால் இதை மட்டும் அழுத்திச் சொல்லி வையுங்கள்.

வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் அதிகமா?

முன்பு அப்படித்தான். 2019-இல் பெரியவர்களில் 29 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது ஒரு கணக்கு இருந்தது. 2021-இல் அது 56 சதவீதமானது என்று மத்திய வங்கியின் ஆய்வு சொல்கிறது. கொரோனாவும் ஜிகேஷ், மாயா போன்ற கைபேசிப் பணப்பைகளும் சேர்ந்து செய்த வேலை. அதற்கு முன்பும் இப்போதும் அடகுக் கடைகள்தான் ஏழைகளின் வங்கி. நகையை வைப்பதும், மாகாணத்துக்குப் பணம் அனுப்புவதும், வெளிநாட்டுப் பணத்தை வாங்குவதும் ஒரே கவுன்டரில் முடிந்துவிடும்.

வங்கியில் போடுபவர்களுக்கு ஒரு தகவல்: வைப்புக் காப்பீட்டு வரம்பு 2025 மார்ச்சில் ஐந்து லட்சம் பெசோவிலிருந்து பத்து லட்சமாக உயர்ந்தது.

அரசாங்கச் சேமிப்பு ஏதும் உண்டா?

தனியார் ஊழியர்களுக்கு எஸ்.எஸ்.எஸ்., அரசு ஊழியர்களுக்கு ஜி.எஸ்.ஐ.எஸ். நம் பி.எஃப்., பென்ஷன் போல. எஸ்.எஸ்.எஸ். பங்களிப்பு 2025 முதல் சம்பளத்தில் 15 சதவீதம். அதில் பத்து முதலாளியுடையது, ஐந்து ஊழியருடையது.

சாதாரணக் குடும்பங்கள் ஆசையாகப் பேசுவது பாக்-இபிக் நிதியைப் பற்றி. 1978-இல் வீட்டுக் கடனுக்காகத் தொடங்கியது. இதில் ‘எம்.பி.2’ என்று ஒரு விருப்பச் சேமிப்பு இருக்கிறது. 500 பெசோவிலிருந்து போடலாம், ஐந்து ஆண்டு வைக்க வேண்டும், லாபப் பங்குக்கு வரி இல்லை, 2024-க்கு 7.1 சதவீதம் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு எடுக்க முடியாது என்பதையே இதன் சிறப்பாகச் சொல்வார்கள். காரணத்தைப் பலுவாகனில் சொல்லிவிட்டேன்.

உண்டியல் பழக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. மூங்கில் கணுவில் கீறல் போட்டது, தகர டப்பா, பெரிய தண்ணீர் பாட்டில். புத்தாண்டில் தொடங்கி, கையில் வரும் ஒவ்வொரு 20 பெசோ நாணயத்தையும், அல்லது 50 பெசோ நோட்டையும் உள்ளே போட்டு டிசம்பரில் உடைப்பார்கள். உடைப்பதைப் படம் எடுத்துப் போடுவது ஒரு தனிக் கொண்டாட்டம். இப்படி வீடு வீடாக நாணயம் முடங்கியதில் கடைகளில் சில்லறைத் தட்டுப்பாடு. மத்திய வங்கி 2023-இல் மால்களில் நாணயம் போடும் இயந்திரங்களையே வைத்தது. உண்டியலைக் கொட்டினால் தொகை கைபேசிப் பணப்பைக்குப் போய்விடும்படி ஏற்பாடு.

13-ஆம் மாதச் சம்பளம் என்பது போனஸா?

போனஸ் என்றால் முதலாளி மனசு வைக்க வேண்டும். இது சட்டம். 1975 டிசம்பரில் அன்றைய அதிபர் மார்க்கோஸ் பிறப்பித்த 851-ஆம் ஆணை. ஆண்டு முழுக்க வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை டிசம்பர் 24-க்குள் கொடுத்துவிட வேண்டும். தொடக்கத்தில் குறைந்த சம்பளக்காரர்களுக்கு மட்டும் இருந்ததை 1986-இல் எல்லாத் தனியார் ஊழியர்களுக்குமாக ஆக்கினார்கள். 2013-இல் வந்த வீட்டுவேலையாளர் சட்டத்தின்படி, வீட்டில் சமைத்துத் துவைப்பவருக்கும் 13-ஆம் மாதச் சம்பளமும் எஸ்.எஸ்.எஸ்.-உம் உண்டு. மணிலாவுக்கு வந்து வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் நம்மவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தீபாவளிக்குப் புடவை கொடுத்தோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்தப் பணம் எங்கே போகிறது? கொஞ்சம் நோட்டுக் கடன், கொஞ்சம் கூரை, மீதி கிறிஸ்துமஸ்.

வெளிநாட்டில் வேலை செய்பவர் வீட்டில் பணக் கஷ்டமே இருக்காதல்லவா?

கேரளக் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். 2024-இல் வெளிநாடுகளிலிருந்து பிலிப்பினோக்கள் வங்கி வழியாக அனுப்பியது சுமார் 3,450 கோடி டாலர், நாட்டின் மொத்த உற்பத்தியில் எட்டு சதவீதத்துக்கு மேல். ஆனால் அதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். ரியாத்தில் நர்சாக இருக்கும் மூத்த மகள் அனுப்பும் பணம் பெற்றோரின் மருந்துக்கு, இரண்டு தம்பிகளின் படிப்புக்கு, அரைகுறையாக நிற்கும் வீட்டின் மாடிக்கு. தம்பி படித்து முடித்ததும் அவன் அடுத்தவனைப் படிக்க வைப்பான் என்பது எதிர்பார்ப்பு. சில வீடுகளில் நடக்கிறது. சில வீடுகளில் அவன் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறான், அக்கா இன்னும் பத்து வருடம் ரியாத்தில்.

இது வெறும் பாசக் கணக்கும் அல்ல. 1987-இல் வந்த குடும்பச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு, கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் மட்டுமல்லாமல் உடன்பிறந்தவர்களும் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்கிறது. ஆனால் இப்போதைய இளைஞர்கள் வெளிப்படையாக முணுமுணுக்கிறார்கள். என்னைப் பெற்றது உங்கள் ஓய்வூதியத் திட்டமா என்று கேட்கும் பதிவுகளை அடிக்கடி பார்க்கலாம். கீழேயே அவர்களைத் திட்டும் தீத்தாக்களையும் பார்க்கலாம்.

பணத்தைத் தவிர ‘பாலிக்பாயன்’ பெட்டியும் வரும். மாதக்கணக்கில் தள்ளுபடி பார்த்து வாங்கிச் சேர்த்த சோப்பு, பற்பசை, டப்பா இறைச்சி, சாக்லேட், துண்டு, செருப்பு எல்லாம் ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் அட்டைப்பெட்டியில் கப்பலில் வரும். எடைக்கு அல்ல, பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே மூடி வெடிக்கும்வரை திணிப்பார்கள். தகுதியுள்ளவர்கள் 1,50,000 பெசோ மதிப்புவரை, ஆண்டுக்கு மூன்று முறை சுங்க வரி இல்லாமல் அனுப்பலாம்; 2016-இல் வந்த சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்கள்?

பூசை, பிறகு மால். 2020 கணக்கெடுப்பின்படி மக்களில் 79 சதவீதம் பேர் கத்தோலிக்கர்கள். பெரிய மால்களுக்குள்ளேயே ஞாயிறு பூசை நடக்கிறது. பூசை முடிந்து நகரும் படிக்கட்டில் இறங்கினால் சாப்பாட்டுக் கடைகள்.

மாலுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்புவார்களாமே?

உண்மைதான், அதில் வெட்கமும் இல்லை. மணிலாவில் மின்சாரம் 2025-இல் யூனிட் 12, 13 பெசோ. வீட்டில் ஏசி இருந்தாலும் பகலில் போடமாட்டார்கள். நகருக்குள் மரம் நிறைந்த பூங்கா குறைவு. ஐந்து பேருக்கு ஒரு நாள் முழுக்கக் குளிர்ச்சி, சுத்தமான கழிவறை, நடக்க இடம், எல்லாம் ஜீப்னி என்ற பொது வண்டியின் கட்டணத்தில் கிடைக்கிறது. பாரம்பரிய ஜீப்னியின் குறைந்தபட்சக் கட்டணம் 2023 அக்டோபரில் 13 பெசோ ஆனது. செருப்புக் கடையில் தொடங்கிய ஹென்றி சை, 1985-இல் முதல் பெரிய எஸ்.எம். மாலைக் கேசோன் நகரில் திறந்தார். 2006-இல் மணிலா விரிகுடா ஓரம் திறந்த ‘மால் ஆஃப் ஏஷியா’வுக்குப் பின்னால் கடற்காற்று இலவசம். மாலையில் அங்கே பாய் விரிக்காத குறை.

காசே செலவழிக்க வேண்டாம் என்றால் லுனெட்டா இருக்கிறது. நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசாலை 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்ற இடம். இன்று குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து புல்லில் உட்காரும் பூங்கா.

எல்லாப் பிறந்தநாளும் ஜாலிபீயில்தானா?

வசதி இருந்தால் முதல் பிறந்தநாளோ ஏழாவது பிறந்தநாளோ, ஒரு முறையாவது அந்தத் துரித உணவுக் கடையில்தான். 1975-இல் டோனி டான் காக்தியோங் என்பவர் குபாவோவில் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கியது. 1981-இல் மெக்டொனால்ட்ஸ் வந்தும் அசைக்க முடியவில்லை. காரணம் நாக்கு. இனிப்பான ஸ்பகெட்டி, அதன்மேல் வெட்டிப்போட்ட சாசேஜ், பொரித்த கோழியோடு சோறு. முதல் வாயில் நமக்குச் சர்க்கரைப் பொங்கலில் மீன் விழுந்த மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும்.

‘மாங் இனசால்’ கடைகளில் சுட்ட கோழிக்குச் சோறு அளவில்லாமல் போடுவார்கள். நம்ம ஊர் அன்லிமிடெட் மீல்ஸ் மாதிரி ஆள் வாளியோடு சுற்றுவார். 2017-இல் ஒரு செனட்டர், உடல்நலத்துக்கு ஆகாது, இந்த அளவில்லாச் சோற்றை நிறுத்தினால் என்ன என்று கேட்டுவிட்டு நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். தடை செய்யச் சொல்லவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

வெளியூர் போவதென்றால் எங்கே?

மணிலாவிலிருந்து ஒரு நாளில் போய்வரும் இடங்களைச் சொல்கிறேன்.

அந்திப்போலோ மலை பக்கத்தில்தான். மாதா கோவில், வாசலில் முந்திரியும் ஒட்டரிசிப் பலகாரமும். புதுக் கார் வாங்கினால் இங்கே கொண்டுவந்து பாதிரியாரிடம் தீர்த்தம் தெளிக்கச் சொல்வார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றுதான் இல்லை.

தகாய்தாய்: உயரமான ஊர், குளிர்ந்த காற்று, கீழே ஏரிக்கு நடுவே தால் எரிமலை. 2020 ஜனவரி 12 அன்று அது வெடித்து ஊரைச் சாம்பலால் மூடியது. பின்னர் மாட்டெலும்புச் சூப் கடைகளில் மறுபடியும் கூட்டம்.

எனக்குப் பிடித்தது லகூனா மாகாணம். கலாம்பா நகரில் பன்சோல் என்ற பகுதி மகிலிங் மலையடிவாரத்தில் இருக்கிறது. பூமிக்கடியிலிருந்து வெந்நீர் வரும். வீட்டுக்கு வீடு நீச்சல் குளம் கட்டி, வீடு முழுவதையும் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மூன்று தலைமுறை, இருபது முப்பது பேர், ஒரு ஜீப்னியோ வேனோ பேசிக்கொண்டு வந்து இறங்குவார்கள். இரவெல்லாம் குளியல்தான். பெண்களும் ஆண்களும் டி-சட்டை, அரைக்கால் சட்டையோடு தண்ணீரில் இறங்குவார்கள். ஆகவே நம் வீட்டுப் பெண்கள் என்ன உடுத்துவது என்று கவலைப்பட வேண்டாம். தாத்தா மட்டும் கால் நனைத்துக்கொண்டு கரி அடுப்பைப் பார்த்துக்கொள்வார்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி லோஸ் பான்யோஸ். 1960-இல் அமைத்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான். நம் ஊர்ச் சந்தையில் கேட்கும் ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 பிறந்த வீடு. எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை இதன் தலைமை இயக்குநர். பிலிப்பினோக்கள் இந்த ஊருக்கு வருவது இளநீர் வழுக்கை போட்ட பை வாங்க. தமிழர்கள் வந்தால் இரண்டையும் பார்க்கலாம்.

கடல் வேண்டுமென்றால் பதங்காஸ் மாகாணத்து லாயா. நுழைவுக் கட்டணம், குடிலுக்கு வாடகை, வெளிச் சாப்பாடு கொண்டுபோனால் அதற்கும் சில இடங்களில் கட்டணம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் கிடைத்தால் வடக்கே பாகியோ. பைன் மரம், ஸ்ட்ராபெரி, நல்ல குளிர்.

செலவை எப்படிப் பிரிப்பார்கள்?

யாருக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஒரு வீடு வேன் வாடகை, ஒரு வீடு குளம், ஒரு வீடு அரிசி, ஒரு வீடு மீன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் இருந்தால் பில் அவர் பக்கம் நகரும், யாரும் சொல்லாமலே. வேலை இல்லாத தீத்தோ சமைத்து ஈடுகட்டுவார். நண்பர்கள் மட்டும் போனால் அவரவர் பங்கை அவரவர் கொடுப்பது சகஜம். பிறந்தநாள்காரர் இருந்தால் அவர்தான் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும், நம் ஊர் ட்ரீட் கணக்கு.

லோலாவை அழைத்துப்போவதில் ஒரு லாபமும் உண்டு. அறுபது வயதானவர்களுக்கு 2010 சட்டப்படி உணவகம், மருந்து, பயணம், சினிமா எல்லாவற்றிலும் 20 சதவீதத் தள்ளுபடி, விற்பனை வரியும் இல்லை. அவர் சாப்பிட்ட பங்குக்கு மட்டும்தான். லோலா மட்டும் இத்தனை சாப்பிட்டாரா என்று பரிமாறுபவர் பார்ப்பார். பிலிப்பினோ மாணவர்களுக்குப் பயணக் கட்டணத்தில் 20 சதவீதத் தள்ளுபடி 2019-இல் சட்டமானது. 

சாப்பாடு என்ன கட்டிக்கொண்டு போவார்கள்?

அடோபோ. கோழியோ பன்றியோ, வினிகரிலும் சோயாவிலும் பூண்டிலும் வெந்தது. வினிகர் இருப்பதால் வெயிலில் சீக்கிரம் கெடாது. நமக்குப் புளியோதரை எப்படியோ அப்படி. கூடவே உப்பு முட்டையும் தக்காளியும், பச்சை மாங்காய், போன இடத்தில் சுடுவதற்கு மசாலா தடவிய திலாப்பியா. சோறு பெரிய குண்டானில்.

சில சமயம் வாழை இலையை மேசை நீளத்துக்கு விரித்து, நடுவே சோற்றைக் குவித்து, சுற்றிலும் மீனையும் இறாலையும் வைத்து, நின்றுகொண்டே கையால் சாப்பிடுவார்கள். ராணுவ முகாம்களிலிருந்து வந்த பழக்கம். இலைக்கு இவ்வளவு என்று பங்கு இல்லை, வேகம்தான் பங்கு. நாம் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தால் இறால் தீர்ந்துவிடும்.

கல்லறைக்குப் பிக்னிக் போவார்கள் என்பது உண்மையா?

நவம்பர் 1. ஒரு வாரம் முன்பே போய்க் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, எழுத்துக்கு மை போடுவார்கள். அன்று கூடாரம், மடக்கு நாற்காலி, சாப்பாடு, மெழுகுவர்த்தியோடு குடும்பமே போய் இரவுவரை உட்காரும். வெவ்வேறு ஊரிலிருக்கும் உறவுகள் கூடும் நாள் என்பதால் அழுகையைவிட அரட்டை அதிகம். பிள்ளைகள் உருகிய மெழுகை உருட்டிப் பந்து பிடிப்பார்கள். மது, சீட்டாட்டம், சத்தமான பாட்டு இவற்றைக் காவலர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பூவும் மெழுகுவர்த்தியும் அன்று விலை ஏறும். விவரமான அம்மாக்கள் அக்டோபர் நடுவிலேயே மெழுகுவர்த்தி வாங்கிவிடுவார்கள்.

கிறிஸ்துமஸ் செப்டம்பரில் தொடங்கிவிடுமாமே?

செப்டம்பர் 1 அன்று மாலில் பாட்டுப் போட்டுவிடுவார்கள். உண்மையான செலவு டிசம்பர் 16-இல் தொடங்கும் ஒன்பது விடியற்காலைப் பூசைகளிலிருந்து. பூசை முடிந்ததும் வாசலில் கரி அடுப்பில் சுட்ட அரிசிப் பணியாரமும், மூங்கில் குழாயில் வெந்த ஊதாப் புட்டும். 24 நள்ளிரவு விருந்து. மறுநாள் ஞானப்பிள்ளைகள் வந்து கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு நிற்பார்கள்; மடிப்புக் கலையாத புது நோட்டுக் கொடுக்க வேண்டும். பத்து ஞானப்பிள்ளை உள்ளவர் அன்று வெளியூர் போய்விடுவார் என்பது நாடறிந்த நகைச்சுவை. நிஜமாகவே போகிறவர்களும் உண்டு.

வெளியூர் போய்வந்தால் எல்லோருக்கும் ஏதாவது வாங்கிவர வேண்டுமா?

ஆமாம், அதற்குப் ‘பசலூபோங்’ என்று பெயர். விலை முக்கியமில்லை, வெறுங்கையோடு வரக்கூடாது. நீங்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அலுவலகத்துக்கு மைசூர்பாகு கொண்டுவந்தால் ஆறு மாதத்துக்குப் பேசுவார்கள். அவர்கள் இனிப்புக்காரர்கள்.

அவர்கள் குடும்பத்தோடு போக நம்மையும் அழைத்தால்?

போய்விடுங்கள். பழமோ கேக்கோ கொண்டுபோங்கள். பங்கு கேட்கமாட்டார்கள் என்பதால் வேன் வாடகைக்கோ ஐஸுக்கோ நீங்களாகவே முந்திக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி தாமதமாகத்தான் கிளம்புவார்கள். ஒரு கட்டத்தில் பாட்டு இயந்திரத்தின் மைக் உங்கள் கைக்கு வரும். வராது என்று சொன்னால் விடமாட்டார்கள். எவ்வளவு மோசமாகப் பாடினாலும் இயந்திரம் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் போடும்.

சைவம் சாப்பிடுபவர் பிழைக்க முடியுமா?

வீட்டில் சமைத்தால் தாராளமாக. சந்தையில் கத்தரிக்காய், பாகற்காய், பூசணி, முருங்கைக் கீரை, சேப்பங்கிழங்கு, புளி, தேங்காய் எல்லாம் கிடைக்கும். வெளியில்தான் சிக்கல். காய்கறிக் கூட்டு என்று வைப்பதில் இறால் விழுது கலந்திருக்கும், பாசிப்பயற்றுக் குழம்பில் பன்றித் துண்டு மிதக்கும், கீரையில் மீன் சாறு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இருக்காது, ஆனால் மீன் இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது. மீன் சாறான ‘பாதிஸ்’, இறால் விழுதான ‘பகோ-ஓங்’ இரண்டும் வேண்டாம் என்று சமைக்கத் தொடங்குவதற்கு முன்பே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.